மூக்கண்டப்பள்ளியில் பதினோரு ஞாயிற்றுக்கிழமைகள்

ஓசூரில் குளிரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இந்தியா என்றால் வெயில் என்று நினைத்துப் பத்துப் பருத்திச் சேலைகளோடு வந்து இறங்கினேன். ஜனவரி மாதம். காலை ஆறு மணிக்கு வாயைத் திறந்தால் புகை வந்தது. மலேசியாவில் ஐம்பத்தொரு வருடம் வாழ்ந்தவள் நான். என் வாயிலிருந்து புகை வந்து பார்த்ததே இல்லை. முதல் நாள் அதை வேடிக்கை பார்ப்பதற்காகவே பின்வாசலில் தனியாக நின்று மூன்று முறை "அல்லேலூயா" சொல்லிப் பார்த்தேன். மூன்று முறையும் புகை நன்றாக வந்தது. அதைக் காட்டிச் சிரிக்கத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.

நான் சபை ஊழியத்துக்காக வந்தவள். எங்கள் சபை ஈப்போவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறது. பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பது வருடம் எழுத்தர் வேலை பார்த்து, ஓய்வு பெற்று, தங்கை வீட்டு மாடியறையில் இருந்தேன். ஒரு நாள் ஆராதனை முடிவில் பாஸ்டர், "இந்தியாவில் இருக்கும் நம் ஜெப வீட்டுக்கு ஒரு வருடம் போக யார் ஆயத்தம்?" என்று கேட்டார். கை தூக்கியது நான் ஒருத்திதான். மற்ற எல்லாரும் கைதட்டினார்கள்.

ஜெப வீடு மூக்கண்டப்பள்ளியில் இருந்தது. தென் மாவட்டங்களிலிருந்து ஓசூர் ஃபாக்டரிகளுக்கு வேலைக்கு வந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடி ஜெபிப்பதற்காக எங்கள் சபை பிடித்திருந்த வாடகை வீடு அது. எனக்கு முன் அங்கே ஊழியம் செய்த தேவசகாயம் ஐயா, மனைவிக்கு உடம்பு முடியாமல் திடீரென்று நாகர்கோவிலுக்குப் போய்விட்டார். போகும்போது பெங்களூரில் ஒரு பாஸ்டரிடம் வீட்டுச் சாவியையும் ஒன்பது விலாசங்கள் எழுதிய தாளையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அவருடைய மாத அறிக்கைகளை நான் மலேசியாவிலேயே படித்திருந்தேன். 'ஞாயிறு ஆராதனை - பத்தொன்பது பேர்.' 'ஞாயிறு ஆராதனை - இருபத்திரண்டு பேர்.' படித்தபோதே அந்த இருபத்திரண்டு பேரோடும் உட்கார்ந்து பாடுவது போல மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தேன்.

விமான நிலையத்தில் எங்கள் பாஸ்டர் என்னிடம் தெளிவாகச் சொன்னார். "மூன்று மாதம் பாருங்கள் சிஸ்டர். கூட்டம் நிலைத்து நிற்கும் என்றால் வீட்டை வைத்துக்கொள்வோம். இல்லையென்றால் மூடிவிட்டு நீங்கள் திரும்பி வரலாம். நீங்கள் எழுதுவதுதான் முடிவு." அது எவ்வளவு பெரிய பாரம் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. பெட்டியின் எடை கூடிவிட்டதே என்ற கவலையில் இருந்தேன்.

வந்தது வெள்ளிக்கிழமை. ஞாயிறு காலை எழுந்து வீட்டைக் கழுவிப் பாய் விரித்தேன். ஊரிலிருந்து கொண்டுவந்த மைலோ என்ற சாக்லேட் பானத்தூள் டின்னை உடைத்து, பெரிய சட்டியில் இருபது பேருக்குக் கலக்கி வைத்தேன். பத்து மணி ஆனது. பதினொன்று ஆனது. வாசல் கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். கம்பெனி பஸ்கள் சீருடை போட்ட ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்கிறார்களே, பாவம் என்று நினைத்தேன். நினைத்தேனே தவிர, அதற்கு மேல் ஒரு அடி யோசிக்கவில்லை. முப்பது வருடம் எழுத்தராக இருந்த மூளை அது. தாளில் என்ன இருக்கிறதோ அதைத்தான் நம்பும்.

யாரும் வரவில்லை. நானே பாட்டு ஆரம்பித்தேன், நானே பாடினேன், நானே ஜெபித்து நானே ஆமென் சொன்னேன். ஐந்து கப் மைலோ குடித்தேன். மீதியை வீட்டுக்கார அம்மாவுக்குக் கொடுத்தேன்.

வீட்டுக்கார அம்மா பெயர் லட்சுமம்மா. ஒரே காம்பவுண்டில் ஆறு வீடுகள் வரிசையாக இருந்தன. கடைசி வீடு அவருடையது, முதல் வீடு ஜெப வீடு. புருஷனிடம் தெலுங்கிலும் பால்காரரிடம் கன்னடத்திலும் என்னிடம் தமிழிலும் பேசுவார். நாயைத் திட்டுவதற்கு மட்டும் மூன்றையும் சேர்த்துக்கொள்வார். மைலோவை ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னாம்மா இது, காப்பியும் இல்ல, டீயும் இல்ல, மருந்து மாதிரி?" என்றார். எனக்குச் சுருக்கென்று இருந்தது. அன்று எனக்கு எதுவானாலும் சுருக்கென்றுதான் இருந்திருக்கும்.

மறுநாளிலிருந்து விலாசத் தாளோடு கிளம்பினேன். ஒன்பதில் ஆறு வீடுகளில் பூட்டு. இரண்டு விலாசங்களில் ஆட்களே மாறிப்போயிருந்தார்கள். ஒன்பதாவது வீட்டில் கதவு நான்கு விரல் அளவு திறந்தது. மெலிந்த பெண் ஒருத்தி உதட்டில் விரலை வைத்து "உஷ்" என்று சைகை காட்டினாள். உள்ளே அரையிருட்டில் ஒரு ஆள் போர்வைக்குள் கிடப்பது தெரிந்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள், என் கையிலிருந்த வேதாகமத்தைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். உள்ளே ஆள் புரண்டு படுத்ததும் கதவைச் சாத்திவிட்டாள். வாசலோடு அனுப்பிவிட்டாளே என்று நான் எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது ஞாயிறும் ஆள் இல்லை. திங்கட்கிழமை ஜெராக்ஸ் கடையில் சீட்டு அடித்தேன். 'ஒவ்வொரு ஞாயிறும் காலை 10 மணிக்கு ஜெப வீட்டில் ஆராதனை. அன்புடன் வரவேற்கிறோம்.' ஒரு வீடு விடாமல் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்தேன். இனி யாரும் தெரியாது என்று சொல்ல முடியாது என்று எனக்கு ஒரே திருப்தி.

மூன்றாவது ஞாயிறு. நான்காவது. ஐந்தாவது.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். லட்சுமம்மா ஒரு நாள் ராகிக் களியும் பிதுக்கம்பருப்புக் குழம்பும் கொண்டுவந்து கொடுத்தார். களியை நான் மென்று சாப்பிட்டதைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மெல்லக் கூடாதும்மா, முழுங்கணும். பல்லுக்கு என்னா வேல அங்க?" என்றார். விழுங்கிப் பார்த்தேன். தொண்டையில் நின்று போகலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுப் போனது. குழம்பு மட்டும் அருமை. மொச்சையை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்து, ஒவ்வொரு பருப்பாக உரிக்கிற பொறுமையை நினைத்து வியந்தேன். நானும் ஒரு நாள் உட்கார்ந்து உரித்தேன். ஒரு மணி நேரம் உரித்து ஒரு கிண்ணம் வந்தது. பேச்சுத்துணை இருந்தால் அது நல்ல வேலை. தனியாக உரித்தால் அது வெறும் மொச்சை.

எங்கள் ஊர்ப் பக்கம் காலையில் யாரைப் பார்த்தாலும் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்போம். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் அப்படிக் கேட்டேன். அவள் திருவண்ணாமலைக்காரி. நான் என்னவோ சோறு போடப் போகிறேன் என்று நினைத்து, "இல்லக்கா, வேணாங்க்கா" என்று கூச்சத்தோடு உள்ளே போய்விட்டாள். லட்சுமம்மா என்னிடமும் கன்னடத்திலேயே தினமும் கேட்பது "ஊட்டா ஆய்த்தா?" சாப்பாடு ஆச்சா என்றுதான் அர்த்தம். நான் "ஆச்சும்மா, ஆச்சும்மா" என்று சொல்லிக்கொண்டே நடந்துவிடுவேன். நின்றால், உங்கள் சபைக்கு ஏன் யாரும் வருவதில்லை என்று கேட்டுவிடுவார் என்று பயம். வெறுமையாக இருப்பதைவிட, வெறுமையாக இருப்பது பிறருக்குத் தெரிவது எனக்கு வெட்கமாக இருந்தது.

இப்போது வியாழக்கிழமைகளைப் பற்றி.

அந்த வருடம் தமிழ்நாடு முழுக்கக் கரண்ட் தட்டுப்பாடு. தினமும் போகும், வரும். ஆனால் எங்கள் பக்கத்தில் வியாழக்கிழமை மட்டும் காலையில் போனால் சாயங்காலம் வரைக்கும் வராது. விசிறி ஓடாது என்பது அந்தக் குளிரில் பெரிய குறையில்லை. ரேடியோவும் பாடாது என்பதுதான் குறை. அந்த வீட்டில் என்னைத் தவிரக் குரல் உள்ள பொருள் அது ஒன்றுதான்.

முதல் வியாழக்கிழமை, சாவி வைத்திருந்த பெங்களூர் பாஸ்டருக்கு நன்றி சொல்லிவிட்டு வரலாம் என்று பஸ் ஏறினேன். மூக்கண்டப்பள்ளியில் நெடுஞ்சாலை ஓரம் நின்று கைகாட்டினால் போதும். பாஸ்டர் என்னை எம்.ஜி. ரோடு பக்கம் இருந்த ஒரு ஆங்கிலச் சபைக்கு அழைத்துப் போனார். அங்கே வியாழக்கிழமைதோறும் மதியம் ஒரு ஜெபக்கூட்டம் உண்டு. அதற்கு மலேசியாவிலிருந்து மருத்துவம் படிக்க வந்த பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வருவார்கள். மெய் லிங் என்ற சீனப் பெண் என்னைப் பார்த்ததும் மலாயில் "சுடா மாக்கான், ஆன்ட்டி?" என்றாள். சாப்பிட்டாச்சா என்றுதான் கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. லட்சுமம்மா தினமும் கேட்கும் அதே கேள்விதான், ஆனாலும் இதற்குத்தான் அழுகை வந்தது. தேங்காய்ப்பால் சோறும் நெத்திலி சம்பால் என்ற எங்கள் ஊர்க் காரத் தொக்கும் டப்பாவில் கொண்டுவந்திருந்தாள். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

அதன்பிறகு ஒரு வியாழன்கூட விடவில்லை. காலை எட்டரைக்குக் கதவைப் பூட்டிவிட்டுக் கிளம்பினால் திரும்ப ஏழு மணி ஆகும். ஊழியத்துக்கு வந்தவள் ஊழியக்களத்தை விட்டு வாரம் ஒரு நாள் ஓடுவது சரியில்லை என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் போகும்போது ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்பேன். திரும்பி வரும்போது அடுத்த வியாழனுக்கு எத்தனை நாள் என்று எண்ணுவேன்.

பத்தாவது ஞாயிறும் பாய் மட்டும் உட்கார்ந்திருந்தது. செவ்வாய்க்கிழமை ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போய் எங்கள் பாஸ்டருக்கு எழுதினேன். 'இங்கே விசுவாசிகள் என்று சொல்லத்தக்க யாரும் இல்லை. வேலை, ஓவர்டைம் என்று ஜனங்கள் ஆண்டவரை விட்டு வெகுதூரம் போய்விட்டார்கள். பத்து வாரம் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். தேவசகாயம் ஐயா கொடுத்த எண்ணிக்கைகளை என்னால் நம்ப முடியவில்லை. வீட்டை வைத்திருப்பது வீண்.' பட்டனை அழுத்தியதும் மனசு லேசானது. எழுதியதில் பாதிக்கு மேல் என் வீட்டு ஏக்கம்தான். அதற்கு ஆவிக்குரிய சட்டை போட்டு அனுப்பினேன். இதை இப்போது சொல்ல முடிகிறது. அன்று சொல்லியிருந்தால் நானே ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

அந்த வாரமும் வியாழக்கிழமை வந்தது. வழக்கம்போல பஸ் ஏறினேன். ஜூஜூவாடியில், மாநில எல்லைக்குக் கொஞ்சம் முன்னால், வண்டி நின்றது. முன்னால் வரிசையாக லாரிகள். கண்டக்டர் கன்னடத்தில் கத்தினார். பக்கத்து சீட்டுக்காரர் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னார்: "எல்லாரும் எறங்கணுமாம். அந்தப் பக்கம் கல்லு வீசறாங்களாம். வண்டி போவாது."

"எதுக்குக் கல்லு?" என்றேன்.

"தண்ணிக்கும்மா. எல்லாம் தண்ணிக்குத்தான்."

சுற்றியிருந்தவர்கள் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போகும் ஒரு பையன் செல்போனில் கன்னடத்தில் மேனேஜருக்கு லீவு சொல்லிவிட்டு, தெலுங்கில் அம்மாவிடம் மதியச் சாப்பாடு வைக்கச் சொன்னான். பிறகு தமிழில் நண்பனைக் கூப்பிட்டுச் சினிமாவுக்கு ஏற்பாடு பண்ணினான். எனக்கோ நெத்திலி சம்பால் கை நழுவிப் போன துக்கம்.

திரும்ப ஷேர் ஆட்டோவில் ஏறினேன். பதினோரு பேர். பாதி வழியில் ஆட்டோ இருமி நின்றது. டிரைவர் எல்லாரையும் இறக்கித் தள்ளச் சொன்னார். என் வயதைப் பார்த்து எனக்கு மட்டும் விலக்கு. அதற்குப் பதிலாக எல்லாருடைய பைகளையும் டிபன் பாக்ஸ்களையும் என் கையில் கொடுத்தார்கள். அத்தனையையும் சுமந்துகொண்டு ஆட்டோவுக்குப் பின்னால் ஓடியது நான்தான். விலக்கு இல்லாமல் தள்ளியிருந்தால் கஷ்டம் குறைவு.

காம்பவுண்டுக்குள் நுழையும்போது மணி பதினொன்று இருக்கும். ஜெப வீட்டு வாசற்படியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் பிளாஸ்டிக் கவரில் சுற்றிய வேதாகமம். அன்று உதட்டில் விரல் வைத்துக் கதவைச் சாத்திய அதே மெலிந்த பெண். என்னைப் பார்த்ததும் திருடி அகப்பட்டவள் போல எழுந்து நின்றாள்.

"ஐயோ, இன்னைக்கு நீங்க பெங்களூர் போகலியாக்கா? நான் சும்மாதான் ஒக்காந்திருந்தேன். இந்தா போயிருதேன்."

"இருங்க, இருங்க. யாரும்மா நீங்க? எதுக்கு இங்க உட்கார்ந்திருக்கீங்க?"

"ரோஸ்லின்க்கா. நாசரேத் பக்கம். இன்னைக்கு வியாழக்கெழமல்லா? நம்ம சபை நாளு."

"சபை நாள் ஞாயிற்றுக்கிழமைதானே?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "ஞாயித்துக்கெழம எல்லாருக்கும் டூட்டிலாக்கா. வியாழக்கெழம கரண்ட் தர மாட்டாங்கன்னு கம்பெனிக்கெல்லாம் அன்னைக்குத்தான் லீவு. அதுக்குப் பதிலா ஞாயித்துக்கெழம ஓட்டுதாங்க. தேவசகாயம் ஐயா, 'நமக்கு வியாழன்தான் ஞாயிறு'ன்னு சொல்லி வச்சிருந்தாங்க. பத்து மணிக்கு எல்லாரும் வந்துருவோம்."

படியில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் சபையின் அறிக்கைப் படிவத்தில் 'ஞாயிறு ஆராதனை' என்று அச்சடித்த ஒரு கட்டம்தான் உண்டு. வியாழனுக்குக் கட்டம் கிடையாது. தேவசகாயம் ஐயா வியாழக்கிழமை வந்த தலைகளை எண்ணி ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் எழுதியிருக்கிறார். மனைவி ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது சாவியையும் விலாசத்தையும் கொடுத்துவிட்டு ஓடிய மனிதர், இதை மட்டும் சொல்ல மறந்துவிட்டார். எந்தக் கரண்ட் வெட்டு அவர்களுக்கு ஓய்வு கொடுத்ததோ, அதே வெட்டுக்குப் பயந்துதான் நான் வாராவாரம் பெங்களூருக்கு ஓடியிருக்கிறேன்.

"எத்தனை பேர் வந்தீங்க?" என்று கேட்டேன்.

"மொத வாரம் எல்லாரும் வந்தோம்க்கா. இருபது பேரு இருக்கும். மலேசியாவுல இருந்து அக்கா வந்திருக்காங்கன்னு பிள்ளையளுக்கெல்லாம் புதுச் சட்டை போட்டுக் கூட்டிட்டு வந்தோம். பூட்டிக் கெடந்துச்சு. நீங்க பெங்களூர் பஸ் ஏறுனதப் பாத்தவங்க சொன்னாங்க. மறுவாரம் கதவுக்கு அடியில சீட்டு வந்துச்சு. ஞாயித்துக்கெழம பத்து மணின்னு. ஞானராஜ் அண்ணன் சொல்லிட்டாரு, 'நமக்கு டூட்டின்னு தெரிஞ்சும் இப்படிப் போட்டிருக்காங்கன்னா, நாம வரக்கூடாதுன்னுதான் போட்டிருக்காங்க. பெரிய எடத்து ஆளுங்க, பெங்களூர் சபைதான் அவங்களுக்குச் சரி'ன்னு. அப்புறம் யாரும் வரல."

"அன்னைக்கு நான் உங்க வீட்டுக்கு வந்தப்பவே சொல்லியிருக்கலாமே?"

"அவுக நைட் ஷிஃப்ட் முடிச்சுப் படுத்திருந்தாக. ஒத்த ரூமுக்கா. நான் பாத்திரத்தக் கீழ வச்சாலே முழிச்சிருவாக. அப்புறம் மறுநாள் மெஷின்ல கைய விட்டுட்டா என்ன செய்ய? பகலெல்லாம் நான் மூச்சக்கூட மெதுவாத்தான் விடணும். அதான் வியாழக்கெழம இங்க வந்து, ஒரு அதிகாரம் வாசிச்சிட்டு, செத்த நேரம் இருந்துட்டுப் போவேன். யாரும் வையமாட்டாகல்லா."

பத்து வியாழக்கிழமை பூட்டிய கதவுக்கு முன்னால் அவள் உட்கார்ந்திருந்திருக்கிறாள். நான் பெங்களூரில் சம்பாலைத் தொட்டு நக்கிக்கொண்டு, என் தனிமையைப் பற்றி மெய் லிங்கிடம் புலம்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

லட்சுமம்மாவிடம் போய், "ஏம்மா, வியாழக்கிழமை ஆளுங்க வர்றாங்கன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லலையே" என்று கேட்டுவிட்டேன். அவர் விடுவாரா?

"நீங்க எங்கம்மா நின்னு பேசறீங்க? வெளிய போனா பூட்டு, உள்ள வந்தா தாழு. நா ஏதாவது கேட்டா 'ஆச்சும்மா ஆச்சும்மா'ன்னு ஓடிடறீங்க. உங்க ஜனம், உங்க சாமி, நீங்க சொல்லிட்டுத்தான் போறீங்கன்னு நா நெனச்சேன். அந்தப் பொண்ணுக்கு வாரா வாரம் தண்ணி குடுத்தது யாரு? நா."

வெள்ளிக்கிழமை காலை பிரவுசிங் சென்டர் திறக்கும் முன்பே வாசலில் நின்றேன். நடந்ததை ஒன்று விடாமல் எழுதினேன். தவறு என்னுடையது, ஆட்கள் இருக்கிறார்கள், தேவசகாயம் ஐயா எழுதியது முழுக்க உண்மை, என் முதல் கடிதத்தைத் தயவுசெய்து கிழித்துப் போடுங்கள் என்று எழுதினேன்.

பதினோராவது ஞாயிற்றுக்கிழமை பாய் விரிக்கவில்லை. காலை ஐந்தரைக்கே சிப்காட் ரோட்டில் போய் நின்றேன். ஏ ஷிஃப்டுக்கு ஆட்கள் சைக்கிளிலும் நடந்தும் கம்பெனி பஸ்ஸிலும் போய்க்கொண்டே இருந்தார்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டிபன் பாக்ஸ். என் சபையார் இதில் யார் யார் என்று எனக்குத் தெரியவில்லை. பத்து வாரமாக அவர்களைத்தான் என் வாசலிலிருந்து பார்த்துப் பாவப்பட்டிருக்கிறேன். ரோஸ்லின் சொன்ன அடையாளத்தை வைத்து ஃபிட்டர் ஞானராஜை ஒரு பேக்கரி வாசலில் கண்டுபிடித்தேன். ஐம்பது வயது இருக்கும். டீயைக் குடித்து முடிக்கும்வரை நான் சொன்னதைக் கேட்டார். "வியாழக்கெழம பாப்போம்" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். மற்றவர்களை ரோஸ்லினும் நானும் ஷிஃப்ட் பார்த்து, தூங்கும் நேரம் பார்த்து, வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டோம். அந்த நான்கு நாட்களில் நான் பேசிய பேச்சு, அதற்கு முன் பத்து வாரம் பேசியதைவிட அதிகம்.

புதன்கிழமை பதில் வந்தது. பாஸ்டர் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். முதல் கடிதம் செயற்குழுவில் வாசிக்கப்பட்டுவிட்டது. என் உண்மையான மதிப்பீட்டை எல்லாரும் பாராட்டினார்கள். அந்த இடத்துக்கான ஊழியத்தைக் கம்போடியாவுக்கு மாற்றித் தீர்மானம் போட்டாகிவிட்டது. இரண்டாவது கடிதத்தைப் பற்றி ஒரே வரி: 'பிரிந்து வரும் நேரத்தில் மனம் இளகுவது இயல்பு சிஸ்டர், அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டோம்.' மாதக் கடைசியில் வீட்டை ஒப்படைத்துவிட்டு வரச் சொல்லியிருந்தார். அங்கேயே போன் பேசும் கூண்டுக்குள் போய்க் கூப்பிட்டுக் கெஞ்சினேன். நான் பொய் எழுதியபோது நம்பியவர்கள், உண்மையை எழுதியபோது பரிதாபப்பட்டார்கள்.

வியாழக்கிழமை கதவை ஏழு மணிக்கே திறந்து வைத்தேன். பத்து மணிக்குப் பதினான்கு பேர் வந்தார்கள். கரண்ட் இல்லை. இரண்டு குழந்தைகள் புதுச் சட்டை போட்டிருந்தன. ஞானராஜ் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பாட ஆரம்பித்தார்கள். தென்கோடிச் சபைகளின் ராகம், என் தாத்தா காலத்தில் கப்பலேறி எங்கள் ஊருக்கு வந்த அதே ராகம். எனக்கு எல்லா வரியும் தெரிந்திருந்தது.

பாட்டு முடிந்ததும் சொல்லிவிட்டேன். ஜெபம் முடியட்டும் என்று காத்திருந்தால் சொல்லாமலே விட்டுவிடுவேன் என்று பயமாக இருந்தது. வீடு மாதக் கடைசியோடு மூடப்படுகிறது, அதற்குக் காரணம் என் கடிதம் என்றேன். கடிதத்தில் என்ன எழுதினேன் என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

ஞானராஜ்தான் கேட்டார். "விசுவாசிகள் யாரும் இல்லைன்னா எழுதுனீங்க?"

"ஆமா."

"எங்களுக்கு ஊர்ல சபை இருக்கு, கல்லறைத் தோட்டம் இருக்கு, எல்லாம் இருக்கு. அதையெல்லாம் விட்டுட்டு இங்க வந்து, கெடைச்ச ஒரு நாளையும் தூங்காம இங்க வந்து ஒக்காந்தோம். நீங்க ஆளே இல்லைன்னு எழுதிட்டீங்க." அவர் குரல் உயரவில்லை. "ஒரே ஒரு வியாழக்கெழமகூட வீட்ல இருக்க முடியலையா சிஸ்டர் உங்களால?"

கரண்ட் இல்லை, பெங்களூரில் ஜெபக்கூட்டம் இருந்தது, அங்கே பாஸ்டர் கூப்பிட்டார் என்று சொல்லலாம். எல்லாமே ஓரளவு உண்மைதான். ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல வரவில்லை.

"முடியல" என்றேன். "பேச ஆள் இல்லாம, இந்த நாலு சுவத்துக்குள்ள தனியா இருக்க முடியல. அதான் ஓடிட்டேன்."

ஞானராஜ் எழுந்து, தன் வேதாகமத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவர் மனைவியும் போனார். மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ரோஸ்லின் மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நாங்களும் அப்படித் தனியா இருக்க முடியாமத்தானக்கா இங்க வந்தோம்" என்றாள்.